யார் முன்னாள் படைவீரர்? வடசென்னைத் துறைமுகக் கரையிலிருந்து ஒரு விசாரணை

கேள்வி

இரண்டு உலகப் போர்களின்போதும் சென்னைத் துறைமுகம் படைக்கும் தளவாடத்துக்கும் வாசலாக இருந்தது. 1964 முதல் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கினார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி ஏந்தியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை இதே கரைக்குத் திரும்பியது. எல்லோரும் போரைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் அரசின் ஏட்டில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒன்றாக இல்லை. ஒருவருக்கு ஓய்வூதியம், இன்னொருவருக்குத் தியாகி மானியம், மற்றொருவருக்கு வரவேற்பே இல்லை.

முன்னாள் படைவீரர் சங்கங்கள் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால் தோழமை, நலன், நினைவேந்தல் என்ற மூன்று விடைகள் உடனே வரும். மூன்றும் உண்மையே. ஆனால் இவற்றுக்கு முன்னதாக ஒரு வேலையை அச்சங்கங்கள் செய்கின்றன. யார் முன்னாள் படைவீரர், யார் இல்லை என்ற எல்லைக்கோட்டின் மேல் நின்று அவை அரசோடு வழக்காடுகின்றன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் தொழிற்பகுதியிலிருந்து பார்த்தால் இது துலக்கமாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களைவிட அதன் மேலும் அதற்கு வெளியேயும் நின்றவர்களே இங்கே அதிகம் என்பது காரணம்.

அந்தக் கோடு இயற்கையாக அமைந்ததும் அல்ல. மத்திய அரசின் வரையறை ஒருவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட தேதியைப் பொறுத்து மாறுகிறது. 1968, 1979, 1987 ஆகிய ஆண்டுகளின் ஜூலை 1ஆம் தேதிகள் அதில் எல்லைக்கற்கள். சொந்த விருப்பத்தில் விலகினாரா, உடல் தகுதியின்மையால் அனுப்பப்பட்டாரா, ஓய்வூதியத்தோடு வந்தாரா, பணிக்கொடையோடு மட்டும் வந்தாரா என்பவற்றைப் பொறுத்து, ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவர் முன்னாள் படைவீரராகவும் மற்றவர் வெறும் குடிமகனாகவும் ஊர் திரும்ப முடியும். டிஸ்சார்ஜ் புக்கில் எழுதப்பட்ட ஒரு வரி ஒரு குடும்பத்தின் முப்பது, நாற்பது ஆண்டுகளைத் தீர்மானித்துவிடும்.

இதுவரை சொல்லப்பட்டவை

ஆய்வுலகில் இச்சங்கங்களைப் பற்றி இரண்டு விளக்கங்கள் ஓங்கியிருக்கின்றன. அவற்றை நலக்குழு என்று பார்ப்பது முதலாவது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் தோன்றிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் இதற்கு முதன்மையான சான்று. 1890இல் அதன் உறுப்பினர்கள் நான்கு லட்சத்தைத் தாண்டினர். அதே ஆண்டில் ஓய்வூதியச் சட்டம் பெரிதும் தளர்த்தப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கூட்டாட்சி அரசின் செலவில் பெரும்பங்கு படைவீரர் ஓய்வூதியத்துக்கே போனது. அமெரிக்காவின் சமூகநலக் கொள்கையின் தொடக்கம் அதில் இருந்தது என்று தீடா ஸ்காச்போல் 1992இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

இரண்டாவது விளக்கம் சங்கத்தை அரசின் கருவியாகப் பார்க்கிறது. முதல் உலகப் போரின் நடுவில் பிரிட்டனில் முன்னாள் படைவீரர் அமைப்புகள் மூன்று போட்டியிட்டன. இரண்டு தொழிற்சங்கங்களோடும் தாராளவாதிகளோடும் நெருங்கியிருந்தன. மூன்றாவது, அவற்றுக்கு எதிர்ச்சுமையாகப் பழமைவாதிகளின் ஆதரவில் எழுந்தது. 1921இல் எல்லாம் பிரிட்டிஷ் லீஜியனாக இணைந்தபோது, ரஷ்யாவில் சிப்பாய்கள் என்ன செய்தார்கள் என்ற நினைவு ஆள்வோரின் மனத்தில் பசுமையாக இருந்தது. இந்தியாவில் பஞ்சாபைப் பற்றி வரலாற்றாளர் டான் டாய் யோங் எழுதிய ஆய்வு இந்த வழியில் வந்தது. மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட சோல்ஜர்ஸ் போர்டுகள் நலன் பேணும் அலுவலகங்களாக மட்டும் இயங்கவில்லை; கிராமத்தின் மனநிலையை அறியவும், ஆள்சேர்ப்பு வற்றாமல் காக்கவும், தேசிய இயக்கம் முன்னாள் சிப்பாய்களைத் தொடாமல் தடுக்கவும் அவை பயன்பட்டன என்று அவர் காட்டினார்.

சௌமித்ர ஜாவும் ஸ்டீவன் வில்கின்சனும் 2012இல் வேறொரு கோணத்தைச் சேர்த்தார்கள். போர்க்களம் மனிதர்களுக்கு ஒருங்கிணையும் திறனைக் கற்றுத்தருகிறது. அந்தத் திறன் நல்லதற்கும் பயன்படும், பிரிவினைக் கலவரத்தில் நடந்ததுபோல் கொடியதற்கும் பயன்படும் என்பது அவர்கள் முடிவு.

இவை யாவும் பெறுமதியானவை. ஆனால் 'முன்னாள் படைவீரர்' என்ற ஆளை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டுதான் பேசத் தொடங்குகின்றன. பஞ்சாபில் அது பெரிய குறையாகாது. ஊரே பட்டாளத்துக்குப் போன இடத்தில் யார் சிப்பாய் என்ற கேள்வி எழவில்லை. சென்னையில் எழுந்தது.

மெட்ராஸ் படையும் போர்டும்

வடசென்னையில் இன்றும் பட்டாளம் என்று ஓர் இடம் இருக்கிறது. பெரம்பூர் பேரக்ஸ் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படை விட்டுச்சென்ற பெயர்கள் இவை. அந்தப் படையில் பறையர்களும் பிற தாழ்த்தப்பட்டோரும் கணிசமாக இருந்தார்கள். பயனீர், சாப்பர் பிரிவுகளில் அவர்கள் பங்கு இன்னும் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குடிகள்' கோட்பாடு வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவராகி, தென்னிந்தியர் போருக்கு உதவார் என்ற கருத்தைக் கொள்கையாக்கினார். 1895இல் மெட்ராஸ் படை தனிப்படை என்ற நிலையையே இழந்தது. 1920களில் மெட்ராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1933இல் பயனீர்களும் போனார்கள்.

இந்தியாவின் தொடக்ககால முன்னாள் படைவீரர் கூட்டு முயற்சிகளில் ஒன்று இதே காயத்திலிருந்து மராட்டியத்தில் பிறந்தது என்பதைத் தமிழில் போதுமான அளவு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் 1890 வாக்கில் அநார்ய தோஷ பரிகார மண்டலியை நிறுவினார். மகர் சாதியினரை மீண்டும் படையில் சேர்க்கக் கோரி 1894இல் மனு தயாரித்தார். அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜியும் அதே தலைமுறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படைவீரர். ஓய்வூதியம் கூட்டிக்கேட்க எழுந்த மனு அல்ல அது. நாங்களும் சிப்பாய்களே, எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாதையை அடைக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இச்சங்கங்களின் வரலாற்றை எழுதும்போது டெல்லியின் ஓய்வூதியக் கோப்புகளில் தொடங்காமல் இந்த மனுவில் தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

அரசு தன் பங்குக்கு 1919இல் இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டை அமைத்தது. 1975இல் அதுவே கேந்திரிய சைனிக் போர்டு என்று பெயர் மாறியது. மாவட்டங்களில் அதன் கிளைகள் பரவின. இன்றைய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முன்னோடி அதுதான். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சொத்துள்ளவருக்கே வாக்கு என்றிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற, விடுவிக்கப்பட்ட படைவீரருக்குச் சொத்து பார்க்காமல் வாக்குரிமை தந்தது. காணி நிலமும் இல்லாத ஒரு முன்னாள் சிப்பாய்க்கு மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை டிஸ்சார்ஜ் தாள் பெற்றுத்தந்தது. அந்தத் தாளின் மதிப்பு ஓய்வூதியத் தொகையைவிட எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்து விளங்கும்.

நிதியின் கதையும் இப்படித்தான். நவம்பர் 11 அன்று காகிதப் பாப்பிப் பூ விற்றுத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களுக்கே போனது. விடுதலைக்குப் பின் 1949இல் அதைக் கைவிட்டு டிசம்பர் 7ஐக் கொடிநாளாக அறிவித்தார்கள். பள்ளியில் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சிறு கொடிக்குப் பின்னால், யாருடைய வீரருக்கு யார் கொடுப்பது என்ற தகராறு இருந்தது.

1945இல் போர் முடிந்தபோது இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். ராபர்ட்ஸ் ஒதுக்கிய மெட்ராஸ் மாகாணம் இம்முறை பஞ்சாபுக்கு அடுத்தபடியாக ஆட்களை அனுப்பியிருந்தது. இவ்வளவு பேரையும் ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், 1945 ஜூலையில் மீள்குடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் பிறந்தது. நாம் அறிந்த வேலைவாய்ப்பு அலுவலகம் அதன் குழந்தை. அது முதலில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்காகவே திறக்கப்பட்டது. பிரிவினை அகதிகளுக்கு விரிந்தது. 1948இல் எல்லோருக்கும் பொதுவானது. போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டங்களிலிருந்தே ஐ.டி.ஐ. முறையும் கிளைத்தது. எண்ணூரிலும் மணலியிலும் பிட்டராகவும் வெல்டராகவும் சேர்ந்த தலைமுறைகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையோடு காத்திருந்தன. அந்த அட்டை சிப்பாய்க்காக முதலில் அச்சான ஒன்று என்பது அவர்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முன்னாள் படைவீரருக்கென அமைத்த ஏற்பாடு பொதுமக்களின் உரிமையாக விரிந்ததற்கு இதைவிட நல்ல சான்று இந்தியாவில் இல்லை.

சீருடை தைத்தவர்கள், சுமை ஏற்றியவர்கள்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் உயிர்களும் போயின. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. இரண்டு போர்களிலும் எதிரியின் தாக்குதலுக்கு நேரடியாக ஆளான தமிழ்நாட்டு நிலப்பகுதி இதுதான். ஆனால் இங்கே தாக்குதலின் முகத்தில் இருந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள், மாலுமிகள், மீனவர்கள். அவர்கள் படைவீரர் பட்டியலில் வரவில்லை.

போருக்கான உழைப்பு இங்கே தெருத்தெருவாக நடந்தது. பெரம்பூர் பக்கம் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை இந்தியப் படைக்குக் காக்கித் துணி நெய்தது. பிற்காலத்தில் எல்லை ரோந்துக்கு ராணுவம் கேட்ட புல்லட் மோட்டார் சைக்கிள்தான் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையை 1955இல் நிலைநிறுத்தியது. எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள் ராணுவத்தைச் சுமக்கின்றன. முதல் உலகப் போரில் கூலிப்படைகளாக அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ராதிகா சிங்கா 2020இல் எழுதிய நூல், 'போராடியவர்' என்ற சொல்லுக்குள் சுமை தூக்கியவரையும் பாதை வெட்டியவரையும் கொண்டுவந்தது. கடலில் மாண்ட 896 லஸ்கர்களுக்கு, அதாவது இந்தியக் கப்பல் பணியாளர்களுக்கு, கல்கத்தாவில் 1924இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அவர்களுக்குக் கல் கிடைத்தது. உயிரோடு திரும்பியவர்களுக்குப் படைவீரர் சங்கம் கிடைக்கவில்லை.

இந்த மக்கள் வேறு வழியில் தங்களை அமைத்துக்கொண்டார்கள். 1918 ஏப்ரலில் ஆலைத் தொழிலாளர்களிடையே மெட்ராஸ் லேபர் யூனியன் எழுந்தது. துறைமுகத்தில் அன்றாடக் கூலிகளாக நின்றவர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, டாக் லேபர் போர்டின் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களாக மாறினார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால் வேலை, காப்பீடு, பிள்ளைக்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே. ராயபுரம் குடும்பங்களுக்குப் பதிவேடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாளில்லாச் சிப்பாய்கள்

இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இரண்டு வகையினர் இருந்தார்கள். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியப் படையினர் ஒரு வகை. மலாயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளர்களாக, கடைச் சிப்பந்திகளாக, எழுத்தர்களாக இருந்து 1943 ஜூலைக்குப் பின் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பில் சேர்ந்தவர்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையில் தமிழர் மிகுதி. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டப்புறப் பெண்களும் அதில் அடங்குவர்.

போர் முடிந்ததும் முதல் வகையினரை ஆங்கிலேயர் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தனர். 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியது, நாடு கொதித்தது, 1946 ஜனவரியில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரும் விடுவிக்கப்பட்டனர். இதெல்லாம் பள்ளிப் பாடம். பாடத்தில் வராதது, அதன் பின் நடந்தது. விடுதலை பெற்ற இந்திய அரசும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. படையின் ஒழுங்கு குலையும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் பொருளே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலையை முழுக்கச் சுமந்தவர்கள் சிப்பாய்களே.

இரண்டாம் வகையினரின் நிலை இன்னும் இக்கட்டானது. அவர்கள் ஒருபோதும் ஆங்கிலேயரின் படையில் இருந்ததில்லை. ஆகவே படைக்குத் துரோகம் செய்தவர்கள் என்று ராணுவச் சட்டத்தில் அவர்களை விசாரிக்கவும் இடமில்லை. பெரும்பாலோர் அங்கேயே விடுவிக்கப்பட்டு மறுபடி தோட்டத்துக்கும் கடைக்கும் போனார்கள். தண்டனையும் இல்லை, தாளும் இல்லை. அன்று அது நிம்மதியாக இருந்திருக்கும்.

1962இல் பர்மாவில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமயமாயின, 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது மிகக் கொஞ்சம். வியாசர்பாடியிலும் மணலியை அடுத்த சடையங்குப்பம் பர்மா நகரிலும் குடியமர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வண்டியைத் தள்ளிய முதியவர்களிடையே ரங்கூன் அணிவகுப்பைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

1972 ஆகஸ்ட் 15 அன்று, விடுதலையின் வெள்ளிவிழாவில், மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டது. இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்தைக் காட்ட வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். போரிட்டேன் என்பது போதாது, அடைக்கப்பட்டேன் என்று நிறுவ வேண்டும். சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதியின் சான்றைத் தர வேண்டும்; அந்த உடன்கைதி ஏற்கெனவே அரசால் தியாகி என்று ஏற்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

இந்த விதியை நின்று படிக்க வேண்டும். பர்மாவில் அடைக்கப்பட்ட ஒருவருக்கு, இந்தியச் சிறைத்துறையின் ஏடு எப்படி உதவும்? ஆகவே முழுச் சுமையும் தோழனின் நாக்கில் வந்து நிற்கிறது. தோழன் உயிரோடு இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் எங்கோ கண்டுபிடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், அவர் வழக்கு முன்பே வென்றிருக்க வேண்டும். முன்னாள் ஐ.என்.ஏ. வீரர்களின் சங்கங்கள் எந்த வேலைக்காக இருந்தன என்பது இங்கே புரிகிறது. போஸின் பிறந்தநாளான ஜனவரி 23 அன்று மாலை போடுவது வெளியே தெரிந்த வேலை. எந்தப் படைப்பிரிவில் யார், எந்த முகாமில் யாரோடு, இப்போது எந்த ஊரில் என்ற நினைவைப் பேணியது உள்ளே நடந்த வேலை. அரசு வைக்காத ஆவணக்காப்பகத்தைச் சங்கம் மனிதர்களால் அமைத்தது. ஓர் உறுப்பினர் இறந்தால் இன்னும் சிலரின் சான்றும் அவரோடு போனது. தோழமையையும் நலனையும் தனித்தனிப் பயன்களாக வகுக்கும் ஆய்வுகள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. தோழமைதான் இங்கே சான்று, சான்றுதான் அரிசி.

கடற்படை மாலுமிகளின் கதையும் இதற்கு நெருக்கமானது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் நிலையத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம், கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், மெட்ராஸ் நிலையங்களுக்கும் பரவியது. சரணடைந்த பின் 476 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. பின்னாளில் அவர்களும் தியாகிகள் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். இவர்களும் ஐ.என்.ஏ. வீரர்களும் அரசுக்கு 'சுதந்திரப் போராட்டத் தியாகிகள்' ஆனார்கள். 'முன்னாள் படைவீரர்' ஆகவில்லை. தியாகி என்பது பெரிய சொல். ஆனால் ராணுவ மருத்துவமனை, கேன்டீன், அரசு வேலையில் ஒதுக்கீடு ஆகியவை அந்தச் சொல்லோடு வரவில்லை.

1990: வரவேற்பில்லாத் திரும்புகை

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கை சென்ற அமைதிப்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் இருந்தன. சுமார் 1,200 பேர் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணிகள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டன. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

அந்த முடிவை இன்று எளிதாகத் தீர்ப்பிடுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்டதைத் தமிழ்நாடு அறிந்திருந்தது. அந்தக் கோபத்துக்கு அடிப்படை இருந்தது. அதே வேளையில், இரண்டரை ஆண்டு அங்கே நின்ற ஜவான் போரை முடிவுசெய்தவன் அல்லன். தமிழ் பேசும் ஜவானின் நிலை இன்னும் கொடியது. எதிரே நின்றவர் பேசியதும் அவன் வீட்டில் பேசியதும் ஒரே மொழி. ஊர் திரும்பியபின் அதைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் வாய்திறக்க இடமில்லை. டெல்லியின் தேசியப் போர் நினைவகத்தில் அவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பு அதற்கு முன்பே ஒரு நினைவுச்சின்னம் கட்டிவிட்டது.

ஓய்வூதியத்தில் இவர்களுக்குக் குறையில்லை. டிஸ்சார்ஜ் புக்கும் முறையாக இருந்தது. ஐ.என்.ஏ. வீரருக்குப் பெருமை கிடைத்தது, தாள் கிடைக்கவில்லை. அமைதிப்படை வீரருக்குத் தாள் கிடைத்தது, பெருமை கிடைக்கவில்லை. அமைதிப்படை வீரருக்குச் சங்கம் மனுவெழுதும் இடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. நடந்ததை நடந்தபடி சொன்னால் கேட்கக்கூடியவர்கள் வேறெங்கும் இல்லாதபோது, சங்கத்தின் வாடகை அறையில் கிடந்த நான்கு நாற்காலிகள் வேறு ஒரு கடமையை ஏற்றன. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இழைக்கப்பட்டதையும் அந்த வாய்மொழிகளே ஒருநாள் முழுமையாக்கும் என்பதால், அவை பதிவுசெய்யப்பட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

இரண்டாவது காக்கி

சிப்பாய் 15, 17 ஆண்டுப் பணிக்குப் பின் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஊர் திரும்புகிறார். குடிமைப் பணியில் இருப்பவருக்கு வாழ்க்கை சூடுபிடிக்கும் வயது அது. ஆகவே அவருக்கு இரண்டாவது வேலை தேவை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 விழுக்காடும், பொதுத்துறை நிறுவனங்களில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்பட்டவை. தமிழ்நாடு அரசு 1986இல் முன்னாள் படைவீரர் கழகத்தை, டெக்ஸ்கோவை, நிறுவியது. மின் நிலையங்கள், பொதுத்துறை ஆலைகள், அரசு அலுவலகங்களுக்கு அது காவலர்களை அனுப்புகிறது. அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் துறைமுகங்களும் நெருங்கி நிற்கும் வடசென்னையில், கேட்டருகே நிற்கும் நரைத்த மீசைக்காரர் ஒருகாலத்தில் ஹவில்தாராக இருந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்வது எளிது. அது பல்லாயிரம் குடும்பங்களைத் தாங்குகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் சிக்னல்ஸில் ரேடியோ பழுதுபார்த்தவரும் படையின் இயந்திரப் பிரிவான இ.எம்.இ.யில் டாங்கி இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவரும், அதே தொழில்கள் செழித்த ஊரில் பதிவேட்டில் லாரி எண் எழுதும் வேலைக்கு வந்து சேர்கிறார்கள். படைக்குள் பெற்ற தொழிலறிவை வெளியே உள்ள சான்றிதழோடு பொருத்துவதில் ஏற்பட்ட பழுது இது. சங்கங்கள் இதை உரத்துப் பேசியதில்லை. ஓய்வூதியம் அவற்றின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அதற்கும் காரணம் உண்டு. 1973இல் மூன்றாம் ஊதியக்குழுவின் பரிந்துரைக்குப் பின் படைவீரர் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தின் 70 விழுக்காட்டிலிருந்து 50க்கு இறங்கியது என்பதை எல்லா இயக்கங்களும் தொடக்கப்புள்ளியாகக் கொள்கின்றன. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணைக் கொடை அல்ல, உழைத்துப் பெற்ற உரிமை என்றது. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை 2015 ஜூனில் ஜந்தர் மந்தர் உண்ணாவிரதமாக வளர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் அரசாணையாக முடிந்தது. வெற்றி என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆனால் 2023இல் அதே ஜந்தர் மந்தரில் இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களும் ஜவான்களும் தனியே கூடினார்கள். அதிகாரிக்கு ராணுவப் பணி ஊதியம் மாதம் 15,500 ரூபாய், ஜவானுக்கு 5,200 என்ற வேறுபாடு ஓய்வூதியத்திலும் தொடர்வது அவர்கள் குறை. உயிர் போகும் ஆபத்துக்கு எப்படி இரண்டு விலை என்ற அவர்களின் கேள்விக்கு நேர்மையான பதில் இன்னும் வரவில்லை. சங்கத் தலைமையில் அதிகாரிகளும் பந்தலில் ஜவான்களும் என்ற பழைய அமைப்பு அத்தோடு விரிசல் கண்டது. வடசென்னை ஜவான்களின் ஊர். இங்கே அந்த விரிசலின் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குழப்பம் இருக்க முடியாது.

உள்ளூர்ச் சங்கத்தின் அன்றாடம் இந்தப் பெரிய வழக்குகளைவிடச் சிறியது, அதனாலேயே முக்கியமானது. ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று ஏற்றுவது, பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையில் தவறிய பெயரெழுத்தைத் திருத்துவது, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை வாங்கித்தருவது. கணவர் காலத்தில் பார்ட் டூ ஆர்டர் என்ற படைப் பதிவில் திருமணம் பதிவாகாமல் போன கைம்பெண், குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைவது இவற்றில் மிகத் துயரமானது. 2018 வரை ராயபுரத்துக்காரருக்குச் சென்னை மாவட்ட அலுவலகம், சாலையில் சில கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூரில் இருந்தவருக்குத் திருவள்ளூர் என்றிருந்தது. வயதான பெண்ணுக்கு அந்தத் தூரம் ஒரு நாள் கூலி. கைம்பெண்களைத் துணை உறுப்பினர்களாக வைத்திருக்கும் சங்கங்கள் அவர்களை நிர்வாகத்தில் அமர்த்தினால், எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்பது வேகமாக வெளிச்சத்துக்கு வரும்.

அடுத்து வருபவர்கள்

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், இக்கட்டுரை தொடங்கிய கேள்வியை மறுபடி திறந்துவிட்டது. நான்காண்டுப் பணி, நால்வரில் ஒருவரே நிரந்தரப் பணிக்கு, மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை என்று விதிமுறையே சொல்கிறது. முதல் தொகுதியின் நான்காண்டு 2026 இறுதியில் நிறைவடையத் தொடங்குகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் எல்லையைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் அரசின் ஏட்டில் முன்னாள் படைவீரர் என்ற பெயர் இல்லாமல் வருவார்கள்.

படையின் சராசரி வயதைக் குறைப்பது, ஓய்வூதியச் செலவைக் கட்டுப்படுத்துவது என்ற அரசின் காரணங்கள் ஆராயத்தக்கவை. ஆனால் ஓய்வூதியம் தர இயலாது என்பதும் படைவீரராக இருந்ததையே ஏற்க இயலாது என்பதும் இரு வேறு முடிவுகள். முதலாவதற்குப் பணம் காரணம். இரண்டாவதற்கு அது காரணமாகாது.

சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை அரசின் வரையறை கட்டுப்படுத்தவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான எந்த அமைப்பும் தன் உறுப்பினர் தகுதியைத் தானே எழுதிக்கொள்ளலாம். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உள்ள ஒரு சிறு சங்கம், அக்னிவீரராகப் பணியாற்றியவரை முழு உறுப்பினராக ஏற்கும் விதியைத் தன் அடுத்த பொதுக்குழுவிலேயே நிறைவேற்ற முடியும். அத்தோடு அவரது படைப்பிரிவு, பணியிடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைக் கையொப்பத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கவும் முடியும். இன்னும் முப்பது ஆண்டு கழித்து ஏதோ ஓர் அரசு மனம் மாறித் திட்டம் ஒன்றை அறிவிக்கும்போது, உடனிருந்தவரின் சான்றைத்தான் முதலில் கேட்கும்.